பத்து அசைவுகள்

திங்கட்கிழமை மடித்து வைத்தபோது யோகராணி அந்தச் சட்டையின் நாடாக்களில் முடிச்சுப் போடவில்லை. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பிறந்த குழந்தைக்குப் போடுகிற வெள்ளைப் பருத்திச் சட்டை, முதுகுப் பக்கம் திறந்தது. கழுத்தில் ஒரு சோடி நாடா, இடுப்பில் ஒரு சோடி. நான்கையும் விரலால் நீவி நேராக்கி, சட்டையை இரண்டாக மடித்து, வாசலருகே இருந்த நீலப் பைக்குள் துவாய்க்கு மேலே வைத்திருந்தாள். செவ்வாய் பின்னேரம் பையைத் திறந்து பார்த்தபோது கழுத்து நாடாக்களில் முடிச்சு விழுந்திருந்தது. இறுக்கமான முடிச்சு இல்லை. ஒரு பிஞ்சுக் கழுத்துக்கு நோகாதபடி, ஒரு விரல் நுழைய இடம் விட்டுப் போட்ட முடிச்சு.

கணவன் ஸ்ரீதரன் போட்டிருப்பான் என்று முதலில் நினைத்தாள். பிறகு அவனுடைய கைகளை நினைத்துப் பார்த்தாள். ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இரும்பு தூக்கித் தூக்கி வெடித்துப்போன கைகள். ஒரு மணிக்கு வேலைக்குப் புறப்படும்போது தன் சப்பாத்து நாடாவைக்கூட அவசரத்தில் உள்ளே செருகிக்கொண்டு ஓடுகிறவன். அவன் இந்தப் பையைத் தொட்டதே இல்லை.

முடிச்சை அவிழ்த்தாள். நாடாவில் மடிப்பு விழுந்திருந்தது. ஹீற்றர் குழாய்க்குள் தண்ணீர் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் மாடி ஜன்னலுக்கு வெளியே தை மாதத்து வெளிச்சம் ஐந்தரை மணிக்கே வடிந்து, கென்னடி வீதியில் கார்களின் சிவப்பு விளக்குகள் பனிச் சேற்றில் கலங்கித் தெரிந்தன. அவள் சிப்பை இழுத்து மூடிவிட்டு, மூடினேன் என்பதைத் தனக்கே ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள்.

பையை ஆயத்தப்படுத்தச் சொன்னது புத்தகம். கிளினிக்கில் தமிழ் தெரிந்த ஒரு பெண் கொடுத்தது. நீல அட்டை, போட்டோக் கொப்பி எடுத்து நடுவில் கம்பி அடித்த நாற்பது பக்கங்கள். யோகராணி எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வரிக்குக் கீழே விரல் வைத்துத்தான் வாசிப்பாள். ஆனால் இந்தப் புத்தகம் அவளுக்கு முழுதாகப் பாடம். இங்கே அம்மா இல்லை, அக்கா இல்லை. இரவு கால் நரம்பு இழுத்தால் என்ன செய்வது, எந்த வலி உண்மையான வலி, பால் கட்டினால் என்ன செய்வது என்று கேட்க இருந்தது அந்த நாற்பது பக்கங்கள்தான். அது ஒருநாளும் அவளை ஏசவில்லை. எதற்கும் "இது இயல்பானது" என்று சொன்னது.

பதினேழாம் பக்கத்தில் மட்டும் அவள் தடுக்கி நின்றாள். "முப்பத்தாறாவது வாரத்தில் மருத்துவமனைப் பையை ஆயத்தம் செய்து வாசலருகே வையுங்கள். குழந்தைக்குச் சட்டை, தொப்பி, போர்வை."

தொப்பி. மூன்று வருடத்துக்கு முன், கொழும்பில், வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று சொல்லி ஆறு மாதம் கிடத்திய லொட்ஜ் அறையில், அவள் ஒரு மஞ்சள் கம்பளித் தொப்பி வாங்கினாள். நடைபாதையில் ஒரு கிழவி விற்றது. ஆசையாக இருந்தது, வாங்கினாள். பதினோராம் நாள் வயிற்றில் இருந்தது இல்லாமல் போய்விட்டது. செய்தி கேட்ட மாமியார் ஊரிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரேயொரு கேள்வி இருந்தது. பிறக்க முன்னம் புதுசு வாங்கி வைத்தால் பிள்ளை தங்குமோ?

இந்த முறை அவள் ஒரு ஊசிகூட வாங்கவில்லை. தொட்டில் இல்லை. சட்டை இல்லை. கடைகளில் அந்தப் பக்கமே திரும்பாமல் நடந்தாள். ஆனால் புத்தகம் பையைக் கேட்டது.

பக்கத்து அப்பார்ட்மென்ற் மங்கையற்கரசி அன்ரியிடம்தான் கேட்டாள்.

"புத்தகம் பை கட்டச் சொல்லுது. நீங்கள் புதுசு கூடாதெண்டுறியள். நான் என்னத்தை அன்ரி கட்டுறது?"

"புதுசுதானே கூடாது. பழசு கட்டு. ஊரிலையும் முதல் சட்டை அப்பிடித்தானே. பிறந்து, வளந்து, ஓடித் திரியிற பிள்ளையின்ர சட்டை ஒண்டு வாங்கி வை. அந்தப் பிள்ளையின்ர ஆயுசும் சேந்து வரும்."

"இஞ்ச ஆரிட்டைக் கேக்கிறது?"

"என்ரை மூத்தவனிட்டைக் கேளன். அந்தத் தடியன்ரை சட்டையொண்டு காணும், உன்ரை பிள்ளைக்கும் போட்டு, மிச்சத்திலை உன்ரை மனுசனையும் சுத்தலாம்." அன்ரி சொல்லிவிட்டுத் தானே குலுங்கிச் சிரித்தாள். அடுத்த நாள் ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு கிழமைக்கென்று போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமைதான், கீழே உடுப்புத் தோய்க்கும் லோன்றி அறையில், விட்டுப்போன உடுப்புகள் போடும் மட்டைப் பெட்டிக்குள் யோகராணி அந்தச் சட்டையைக் கண்டாள். ஒற்றைக் காலுறைகளுக்கும் சாயம் போன துவாய்க்கும் அடியில் கிடந்தது. கையால் தைத்தது. எறும்பு நடந்தது போன்ற சின்னத் தையல். மடிப்புகளில் மஞ்சள் ஏறி, துணி பழுத்துப்போயிருந்தது. பழசு. ஊர்ப்பெண் ஒருத்தி தைத்து, ஒரு பிள்ளை போட்டு வளர்ந்து, தேவையில்லாமல் போன சட்டை. அவள் அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். உலர்த்தும் இயந்திரம் சுற்றிய சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

புதன்கிழமை, முடிச்சு மறுபடி விழுந்திருந்தது. இந்த முறை இடுப்பிலும்.

அதோடு மணம். சிப்பைத் திறந்ததும் வெதுவெதுப்பாக எழுந்து வந்தது. ஹீற்றர் காற்றின் எரிந்த தூசி மணம் அல்ல, அவள் தோய்த்த சோப்பின் மணமும் அல்ல. கக்கிய பாலின் புளிப்பும், அதற்கு அடியில் பிஞ்சு உச்சந்தலையின் இளஞ்சூடான மணமும். தம்பிமாரைத் தூக்கி வளர்த்தவளுக்கு அது தெரியாத மணமில்லை. சட்டையை வெளிச்சத்தில் விரித்தாள். கழுத்தோரம் ஐம்பது சத நாணயக் குற்றி அளவில் ஒரு கறை. தொட்டால் ஈரம்.

அன்று அசைவுகளை எண்ணியபோதும் அவளுக்கு அந்த மணம் மூக்கை விட்டுப் போகவில்லை. புத்தகத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருந்தது. "ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் இடதுபக்கம் சரிந்து படுத்து, குழந்தையின் அசைவுகளை எண்ணுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் பத்து அசைவுகள் இருந்தால் குழந்தை நலமாக உள்ளது." அவள் ஒவ்வொரு நாளும் நாலு மணிக்குப் படுத்து, பென்சிலால் ஒவ்வொரு கோடாகப் போட்டு வந்தாள். ஞாயிறு, இருபது நிமிடத்தில் பத்து. திங்கள், முப்பத்தைந்து. செவ்வாய், ஒரு மணித்தியாலம். புதன், ஒரு மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும்.

ஆறு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளையில் ஸ்ரீதரன் ஃபோன் எடுத்தான். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன.

"எத்தினை?"

"பத்து. ஆனால் ரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது."

"உள்ளுக்குத்தானே? உம்மடை புத்தகம் அப்பிடித்தானே சொல்லுது. இடம் காணாமல் படுத்திருப்பான். அப்பன் மாதிரி நித்திரைக்காரன்."

"இஞ்சாருங்கோ..."

"என்ன ராணி?"

சட்டையிலை முடிச்சு விழுந்திருக்குது, பால் கக்கியிருக்குது என்று எப்படிச் சொல்வது. "ஒண்டுமில்லை. பாத்து வாங்கோ, றோட்டெல்லாம் ஐஸ்."

வியாழக்கிழமை பனி கொட்டியது. ஸ்ரீதரன் நேரத்தோடு, பன்னிரண்டு மணிக்கே போய்விட்டான். வீட்டில் அவளும் பையும் இருந்தார்கள். அவள் குசினிக்குப் போனாலும் வரவேற்பறைக்கு வந்தாலும் முதுகுக்குப் பின்னால் பை எந்த இடத்தில் இருக்கிறது என்பது உடம்புக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, அறையில் ஒரு ஆள் இருந்தால் தெரிவதுபோல. மூன்றரை மணிக்கு அவள் ஸ்ரௌவ்வில்லுக்கு ஃபோன் எடுத்தாள்.

"அன்ரி, கீழ லோன்றிப் பெட்டியிலை ஒரு சட்டை கிடந்தது. வெள்ளைச் சட்டை, கையாலை தைச்சது. அது ஆர்ரை எண்டு தெரியுமோ?"

மறுபக்கம் அன்ரி தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தாள்.

"அதை நீயோ எடுத்தனி?"

"பழசு எண்டு எடுத்தன்."

"பிள்ளை, அதை அந்தப் பெட்டிக்குள்ள போட்டது நான்தான். ஏழாம் மாடியிலை அட்சயா எண்டு ஒரு பெட்டை இருந்தது. ஆறேழு வருசத்துக்கு முன்னம். வயித்திலை இருக்கேக்கையே தைச்சுத் தைச்சு அடுக்கினது. சொன்னன், கேக்கேல்லை. பிறக்கேக்கை பிள்ளை அழேல்லை. அதுகள் வீட்டை விட்டுப் போகேக்கை நான்தான் துப்புரவாக்கினது. எல்லாச் சட்டையையும் குப்பைக்குள்ள போட்டன். ஒண்டை மட்டும் போட மனம் வரேல்லை, என்ன வடிவான தையல். பெட்டியிலை கிடந்து கிடந்து..." அன்ரியின் குரல் இறங்கியது. "அது பழசுதான் ராணி. ஆனால் ஒருத்தரும் போடேல்லை."

யோகராணி பையைப் பார்த்தாள்.

"இப்ப ஆரோ போடுகினம் அன்ரி" என்றாள்.

"என்ன? என்ன சொல்லுறாய்? பிள்ளை, அதை உடனை எறி. கேக்குதோ? நான் மருமகனைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுறன். நீ அதைக் கொண்டுபோய்..."

அவள் ஃபோனை வைத்துவிட்டு நடந்தாள். பையைத் திறந்தாள். சட்டை மடிப்பாக இல்லை. துவாயின் மேல் மல்லாந்து, இரண்டு கைகளும் தலைக்கு மேலே உயர்ந்து, பிஞ்சுகள் தூங்குவதுபோல விரிந்து கிடந்தது. நடுப்பகுதி சற்றுப் புடைத்திருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினாள். கனத்தது. ஈரத் துணியின் கனம் அல்ல.

வெளியே நடைபாதை நீளமாக, யாருமில்லாமல், யாரோ வீட்டு மீன் பொரித்த மணத்தோடும் பழைய கம்பள மணத்தோடும் கிடந்தது. குப்பை போடும் சின்ன அறை கடைசியில். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கீழ்த்தளம்வரை இறங்கும் குப்பைக் குழாயின் இரும்பு மூடியை இழுத்துத் திறந்தபோது பன்னிரண்டு மாடி ஆழத்திலிருந்து குளிர்காற்று ஊதி அவள் முகத்தில் அடித்தது. சட்டையை அந்த வாய்க்குள் நீட்டினாள். விரித்த விரல்களிலிருந்து அது விழவில்லை.

சட்டையின் கை அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இருபத்தொன்பதாம் பக்கம். "பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இது இயல்பானது."

கையை இழுத்தாள். பிடி இறுகியது. அப்போதுதான் அவளுக்கு வயிறு நினைவு வந்தது. காலையிலிருந்து அது ஒருமுறைகூட உதைக்கவில்லை. ஞாயிறு இருபது நிமிடம். திங்கள் முப்பத்தைந்து. செவ்வாய் முடிச்சு. புதன் மணம். உள்ளே குறையக் குறைய, இங்கே. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, அவளிடமிருந்து புறப்பட்டு, இங்கே.

இதை விட்டால் எதை விடுகிறேன்?

இரும்பு மூடி அவள் தோளில் கனத்தது. குளிர்காற்று ஊதியது. விரலைப் பிடித்திருந்த துணி சில்லிட்டு நடுங்கியது. அவள் அதை நெஞ்சோடு சேர்த்தெடுத்து, சால்வைக்குள் மூடி, வீட்டுக்குத் திரும்பினாள்.

கட்டிலில் சரிந்து, சட்டையைத் தன் வெறும் வயிற்றின்மேல் விரித்தாள். "போ" என்றாள். "உள்ளுக்குப் போ அப்பன். இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. அம்மா ஒண்டும் புதுசு வாங்கேல்லை. அம்மாக்குத் தெரியாது ராசா. போ." வயிற்றை உலுக்கினாள். தட்டினாள். குளிர்ந்த பழச்சாறு குடித்தால் குழந்தை விழிக்கும் என்று புத்தகம் சொன்னது. குடித்தாள். சட்டை வயிற்றின்மேல் வெறும் துணியாகக் கிடந்தது. கீழே வயிறு வெறும் வயிறாகக் கிடந்தது.

அவசர உதவிக்கு ஃபோனில் மூன்று எண்கள். ஆங்கிலத்தில் அவளிடம் இருந்தது நாலைந்து சொற்கள். பேபி. நோ மூவ். பிளீஸ். விலாசத்தை இரண்டு தரம் சொன்னாள். வருகிறோம், பனி, கொஞ்சம் பிந்தும் என்பது அவளுக்கு விளங்கியது.

புத்தகம் சொன்னபடி பையை வாசலருகே வைக்கவேண்டும். சட்டையைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். சிப்பை முழுவதும் மூட மனம் வரவில்லை. மூச்சுக்கு இரண்டு விரல் இடம் விட்டாள். பிறகு எதிரே நிலத்தில் இடதுபக்கம் சரிந்து படுத்து, அட்டவணையைத் தரையில் விரித்து, பென்சிலை எடுத்தாள். வியாழன். கை வயிற்றில்.

ஹீற்றர் தட்டியது. நின்றது.

ஜன்னல் நீலமாகி, கறுத்தது. விளக்குப் போட எழும்ப முடியவில்லை. குசினி விளக்கின் கீற்று மட்டும் வாசல்வரை விழுந்தது.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

டொக்.

ஹீற்றர் இல்லை. வயிறும் இல்லை. எதிரே, பையின் நீலத் துணி உள்ளிருந்து ஒரு சின்ன முட்டாகத் தள்ளி, அமுங்கியது. குதிக்கால் அளவு.

அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

மறுபடி. சற்று மேலே.

பென்சில் தானாக நகர்ந்தது. ஒரு கோடு. இரண்டு. வயிற்றில் இருந்த கை கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. மூன்று. நாலு. உதைகள் பலமாக இருந்தன. நல்ல பலம். ஐந்து. "அப்பன்" என்றாள். ஆறு. ஏழு. திறந்த சிப்பின் இரண்டு விரல் இடைவெளிக்குள் இருட்டு. எட்டு. அந்த இருட்டு ஈரமாக ஒருமுறை மூச்சிழுத்தது. ஒன்பது.

பத்து.

மணிக்கூட்டைப் பார்த்தாள். முதல் உதையிலிருந்து எட்டு நிமிடம். இரண்டு மணித்தியாலத்துக்குள். குழந்தை நலமாக உள்ளது.

கதவில் தட்டி, பூட்டாத கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். அம்புலன்ஸ்காரர் இரண்டு பேர், தடித்த ஜாக்கெட், தோளில் பனி. வயதானவர் முழங்காலில் இருந்து அவள் வயிற்றில் கை வைத்தார். ஒரு இடத்தில் வைத்தார். இன்னோர் இடத்தில் வைத்தார். மற்றவரைப் பார்த்தார். தள்ளுகட்டிலில் ஏற்றி வாரால் கட்டினார்கள்.

இளையவன் வாசலில் நின்றான். பை? என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். ஓம் என்றா, வேண்டாம் என்றா, அவளுக்கே தெரியவில்லை.

அவன் ஒரு கையால் கைப்பிடியைப் பற்றித் தூக்கினான். பாதியில் நின்றான். நெற்றி சுருங்கியது. பிறகு குனிந்து, மற்றக் கையை அடியில் கொடுத்தான். தலைப்பக்கம்.

எலிவேற்றர் கதவு மூடியது. உள்ளே உருக்குச் சுவர் கண்ணாடிபோல் பளபளத்தது. பதினொன்று. பத்து. வயதானவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினார். ஒன்பது. அவளுடைய இரண்டு கைகளும் வயிற்றின்மேல் இருந்தன. வயிறு அசையவில்லை. எட்டு.

ஏழாம் மாடியில் எலிவேற்றர் நின்றது. கதவு திறந்தது. நடைபாதையில் யாரும் இல்லை. கதவு மூடியது.

சுவரில் அவளுக்குப் பின்னால் நின்ற இளையவனின் உருவம் தெரிந்தது. மேலே எரிந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு ஏதோ யோசனை. பையைத் தோளில் நிமிர்த்திச் சாய்த்திருந்தான். தான் செய்வது தெரியாமல், ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மெல்ல ஆடிக்கொண்டு, அவன் அதன் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.